கம்பிப் பின் அடித்த போர்க்காலப் புத்தகங்கள்: ஆர்ம்ட் சர்வீசஸ் எடிஷன் வாங்கலாமா?

முதன்முதலாகப் பார்ப்பவருக்கு இது காசோலைப் புத்தகம் மாதிரித் தெரியும். அகலம் 14 செ.மீ., உயரம் 10 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு. வழக்கமான நாவலைப் படுக்கவைத்தது போன்ற வடிவம், முதுகு குட்டையான பக்கத்தில். அட்டையின் ஒரு பக்கத்தில் மூலப் பதிப்பின் மேலட்டை சிறு படமாக இருக்கும். அதையொட்டிக் கொட்டை எழுத்தில் தலைப்பும் எழுத்தாளர் பெயரும். கீழே ஒரு பட்டையில், இது முழுப் புத்தகம், சுருக்கம் அல்ல என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருப்பார்கள். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைவீரர்களுக்கு இலவசமாகக் கொடுத்த ஆர்ம்ட் சர்வீசஸ் எடிஷன் இதுதான். 1943 செப்டம்பரில் தொடங்கி 1947 வரை 1,322 எண்ணிட்ட பதிப்புகள் வந்தன. மொத்தம் ஏறக்குறைய 12 கோடியே 30 லட்சம் படிகள்.

பழைய புத்தக விற்பனையாளர்களிடமும் இணைய ஏலங்களிலும் இவை இன்றும் கிடைக்கின்றன. போர் எழுத்தாளர்களை என்ன செய்தது என்று சொல்லும் ஆய்வு நூல்கள் நிறைய உண்டு. அவற்றில் பாதிக்கு மேல் எழுத்தாளரின் மனதைப் பற்றியே பேசும். காகிதம், அச்சு மெஷின், பக்கக் கணக்கு ஆகியவை எழுத்தாளரின் விதியை எப்படித் தீர்மானித்தன என்பதை அறிய இந்தப் படிகளில் ஒன்றைக் கையில் வைத்துப் புரட்ட வேண்டும். அந்த ஒரு காரணத்துக்காகவே இவற்றை வாங்கச் சொல்கிறேன். அழகுக்காக வாங்குபவர் ஏமாந்துபோவார்.

இந்த வடிவம் எப்படி வந்தது என்பதிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் குறைகள் எல்லாம் அங்கேதான் பிறக்கின்றன. 1942இல் பொதுமக்களிடம் பழைய புத்தகம் திரட்டிப் படைமுகாம்களுக்கு அனுப்பினார்கள். ஒரு கோடிக்கு மேல் சேர்ந்தது. ஆனால் பெரும்பாலானவை கெட்டி அட்டை போட்ட கனமான புத்தகங்கள், வீட்டுப் பரணில் கிடந்து யாருக்கும் வேண்டாதவையும் அதில் நிறைய. துப்பாக்கி, குண்டு, தண்ணீர், சாப்பாடு எல்லாம் சுமக்கிற ஆள் அதையும் சுமப்பானா? எனவே பதிப்பாளர்கள் சேர்ந்து அமைத்த போர்க்காலப் புத்தகக் குழு, ராணுவ நூலகப் பிரிவோடு இணைந்து சட்டைப்பையில் அடங்கும் புத்தகத்தைத் திட்டமிட்டது.

புத்தகம் அச்சடிக்கும் மெஷின்களில் இவ்வளவு சிறியதை இவ்வளவு மலிவாக அடிக்க முடியாது. பத்திரிகை அடிக்கும் ரோட்டரி மெஷின்களோ மாத இதழ் வேலைக்கு நடுவே சும்மா நின்றன. ரீடர்ஸ் டைஜஸ்ட் அளவு இதழுக்கான மெஷினில் சிறிய அளவையும், மலிவுக் கதை இதழ்களுக்கான மெஷினில் பெரிய அளவையும் (16.5 செ.மீ.க்கு 11.4 செ.மீ.) அடித்தார்கள். சூட்சுமம் என்னவென்றால், ஒரு பக்கத்தில் இரண்டு புத்தகங்கள். மேல் பாதியில் ஒரு நாவல், கீழ் பாதியில் வேறொருவர் எழுதிய இன்னொரு நாவல். கம்பிப் பின் (ஸ்டேபிள்) அடித்து அட்டை ஒட்டிய பிறகு நடுவில் குறுக்காக வெட்டினால் இரண்டு புத்தகம். முதுகு குட்டைப் பக்கத்துக்குப் போனதும் புத்தகம் படுத்துக்கொண்டதும் இந்த வெட்டால்தான்.

அப்படியானால் மேல் புத்தகமும் கீழ் புத்தகமும் ஒரே பக்க எண்ணிக்கையில் இருந்தாக வேண்டும். சிறிய அளவில் 320 பக்கம், பெரிய அளவில் 512 பக்கம்தான் உச்சவரம்பு. 180 பக்க நாவலுக்கு அதே 180 பக்கத்தில் ஒரு ஜோடி தேட வேண்டும். ஒரு புத்தகம் தேர்வானதில் இலக்கியத் தரம், வீரர்களின் ருசி, படைத்துறையின் ஒப்புதல் இவற்றோடு இந்த ஜோடிக் கணக்கும் பங்கு வகித்தது. உச்சவரம்பைத் தாண்டிய தடித்த நூல்களில் சிலவற்றைச் சுருக்கினார்கள். சுருக்கியதை மறைக்கவில்லை. போர்க்கால வாசிப்புக்காகச் சுருக்கியது என்று அட்டையிலேயே போட்டார்கள். வாங்கும்போது அந்த வரியைத் தேடிப் பாருங்கள். முழுப் புத்தகம் என்ற பட்டை இல்லாமல் சுருக்கம் என்ற வரி இருந்தால், அது படிப்பதற்கான பதிப்பு அல்ல, சேகரிப்புக்கானது.

உள்ளே திறந்தால் எழுத்து இரண்டு பத்தியாக ஓடும், செய்தித்தாள் மாதிரி. படுத்த பக்கத்தில் ஒரே நீளவரியாக விட்டிருந்தால், வரி முடிந்து அடுத்த வரியின் தொடக்கத்துக்குக் கண் திரும்பும்போது தடுமாறும். ஆடுகிற கப்பலில், மங்கிய விளக்கில் இன்னும் மோசம். குட்டை வரி அந்தச் சிக்கலைத் தீர்க்கிறது. இன்றும் பேருந்திலோ ரயிலிலோ ஒரு கையால் பிடித்துப் படிக்க இதைவிட வசதியான வடிவம் இல்லை. கட்டைவிரலை நடுவில் வைத்தால் போதும், இரண்டு பக்கமும் நிற்கும்.

இதெல்லாம் மெல்லிய புத்தகத்துக்கு. முந்நூறு பக்கம் தாண்டினால் கதை மாறுகிறது. கம்பிப் பின் பக்கவாட்டில் இறங்கியிருப்பதால் புத்தகம் முழுதாக விரியாது. இடது பக்கத்தின் வலப் பத்தியும் வலது பக்கத்தின் இடப் பத்தியும் முதுகுக்குள் ஒடுங்கிக்கொள்ளும். பார்க்க வேண்டுமே என்று அழுத்தி விரித்தால் அட்டை முதுகில் பிளக்கும், பின்னைச் சுற்றிக் காகிதம் கிழியும். 512 பக்கப் பெரிய அளவுப் படிகளில் முதுகு நன்றாக இருப்பது அரிது. படிக்கத்தான் வாங்குகிறீர்கள் என்றால் சிறுகதைத் தொகுப்பு, கட்டுரை, இருநூறு பக்கத்துக்குள் அடங்கும் நாவல் என்று தேர்ந்தெடுங்கள்.

பின் அடித்ததற்கும் காரணம் உண்டு. பசிபிக் தீவுகளின் ஈரத்தில் பசை இளகும், பூச்சி அரிக்கும். கம்பி அப்படி விட்டுவிடாது. ஆனால் எண்பது ஆண்டு கழித்துப் பார்த்தால் அந்தக் கம்பிதான் எதிரி. ஈரம் பட்டால் கம்பி துருப்பிடிக்கிறது, துரு காகிதத்தில் இறங்கிப் பழுப்புக் கறையாகப் பரவுகிறது. கறை படிந்த இடத்தில் காகிதம் வலுவிழந்து, பின் துளை பெரிதாகி, முதல் தாளும் கடைசித் தாளும் கழன்று விழுகின்றன. காகிதமோ மரக்கூழைச் சுத்திகரிக்காமல் செய்த செய்தித்தாள் ரகம். அதில் தங்கிய லிக்னின் என்ற மரப்பொருள் காற்றிலும் வெளிச்சத்திலும் பழுப்பேறும், அமிலம் இழைகளை அறுக்கும். மோசமான படியில் பக்க மூலையை மடித்தால் அப்பளம் போல் நொறுங்கும். ஆறு பேர் படித்தால் போதும் என்ற கணக்கில் தயாரித்த பொருள் இது. ஒரு படிக்குச் செலவு ஏறத்தாழ 6 சென்ட்தான் ஆனது. இன்னும் படிக்கிற நிலையில் இருப்பதே பெரிது.

அந்த 6 சென்ட்டில் எழுத்தாளருக்கு என்ன கிடைத்தது? படிக்கு ஒரு சென்ட் ராயல்டி, அதை மூலப் பதிப்பாளரும் எழுத்தாளரும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். ஆரம்பத்தில் ஒரு தலைப்புக்கு 50,000 படி அடித்தார்கள். அரை சென்ட் வீதம் 250 டாலர் எழுத்தாளர் கையில் சேரும். பெரிய பணம் இல்லை. அவர்களுக்குக் கிடைத்தது வேறு: கடையில் காசு கொடுத்துத் தங்கள் புத்தகத்தை ஒருபோதும் வாங்கியிருக்காத ஆயிரக்கணக்கான வாசகர்கள்.

ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் உலகப் போரில் அவர் ராணுவ அதிகாரி, ஆனால் கப்பல் ஏறும் முன் போர் முடிந்துவிட்டது. பயிற்சி முகாமில் ஞாயிறும் சனியும் உட்கார்ந்து முதல் நாவலின் கரட்டு வடிவத்தை எழுதியது அந்தக் காலத்தில்தான். அலபாமாவில் முகாமிட்டிருந்தபோது, பிறகு மனைவியான ஸெல்டாவைச் சந்தித்ததும் அப்போதுதான். பணக்கார வீட்டுப் பெண்ணைக் காதலிக்கும் இளம் ராணுவ அதிகாரியான கேட்ஸ்பி அங்கிருந்து முளைத்தவன். 1925இல் வந்த 'தி கிரேட் கேட்ஸ்பி' முதல் அச்சில் இருபதாயிரத்துச் சொச்சம் படி, பிறகு 3,000 படி. இரண்டாம் அச்சே முழுதாக விற்கவில்லை. 1940 டிசம்பரில் அவர் இறந்தபோது பதிப்பகக் கிடங்கில் அது தூங்கிக்கொண்டிருந்தது. அவருக்குக் கடைசியாக வந்த ராயல்டி 13 டாலர் 13 சென்ட். 1945இல் அதே நாவல் 862ஆம் எண்ணாக ஆர்ம்ட் சர்வீசஸ் எடிஷனில் வந்தது. 1,55,000 படிகள்! அந்த இரண்டு அச்சுகளையும் சேர்த்ததைப் போல ஆறு மடங்குக்கு மேல். போர் ஓய்ந்தும் ஊர் திரும்பக் கப்பல் கிடைக்காமல் காத்திருந்த வீரர்களின் கைகளுக்கு அது போனது. பின்னால் வந்த புகழுக்கு வேறு காரணங்களும் உண்டு. விமர்சகர்கள் எழுதினார்கள், கல்லூரிப் பாடமானது. ஆனால் இந்தப் படுத்த புத்தகத்தை விட்டுவிட்டு அந்தக் கதையைச் சொல்ல முடியாது. 862ஆம் எண்ணுக்கு ஏலத்தில் போட்டி எப்போதும் அதிகம், விலையும் அப்படியே. படிப்பதுதான் நோக்கம் என்றால் அதன் பின்னால் ஓட வேண்டாம்.

பெட்டி ஸ்மித்தின் 'எ ட்ரீ க்ரோஸ் இன் புரூக்ளின்' இன்னொரு விதம். ஏழைக் குடும்பத்துப் பெண் பிள்ளை புரூக்ளினில் வளரும் கதை. போருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் வீரர்களிடமிருந்து அவருக்கு ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் மேல் கடிதம் வந்தது, அவரும் சளைக்காமல் பதில் எழுதினார். பதுங்குகுழியில் கிடப்பவனுக்கு வேண்டியிருந்தது வீட்டு வாசற்படியின் வாசனை. இந்த வரிசையைப் பற்றி எழுதுபவர்கள் இதைப் போதிய அளவு சொல்வதில்லை என்பது என் எண்ணம். போர்க்களத்தில் அதிகம் புரட்டப்பட்டவற்றில் போர் நாவல்கள் மிகக் குறைவு.

ஜான் ஸ்டெய்ன்பெக் இதை நேரடியாகவே புரிந்துகொண்டவர். 1943இல் நியூயார்க் ஹெரால்ட் டிரிபியூன் நிருபராக இங்கிலாந்து, வட ஆப்பிரிக்கா, இத்தாலி என்று சுற்றினார். திரும்பி வந்து எழுதிய 'கேனரி ரோ'வில் போர் என்ற பேச்சே கிடையாது. போரைப் பற்றி இல்லாத, சிரிக்கிற மாதிரி ஒன்று எழுதுங்கள் என்று சில வீரர்கள் கேட்டதால் எழுதியதாக அவரே பிறகு சொல்லியிருக்கிறார். கேட்டவர்கள் வீரர்கள், வீரர்களுக்கான பதிப்பிலும் அது வந்தது. போர் ஒரு எழுத்தாளரின் வேலையை எப்படி வளைத்தது என்று காட்ட ஒரே ஒரு படி வாங்க வேண்டுமானால் என் பரிந்துரை இதுதான். மெல்லிய நாவல் என்பதால் பின்னும் முதுகும் தாக்குப்பிடித்த படி கிடைக்க வாய்ப்பு அதிகம்.

மேற்கத்தியக் குதிரைவீரர் கதைகள் இந்த வரிசையில் கொட்டிக் கிடக்கின்றன. மேக்ஸ் பிராண்டின் பெயர் திரும்பத் திரும்ப வரும். இயற்பெயர் ஃபிரெடரிக் ஃபாஸ்ட். ஐம்பது வயதைத் தாண்டியவர், வீட்டில் இருந்திருக்கலாம். போர் நிருபராக இத்தாலிக்குப் போய் 1944 மே மாதம் களத்தில் உயிரிழந்தார். அவர் கதைகளை வீரர்கள் சட்டைப்பையில் வைத்திருந்த அதே காலம். இவருடைய படிகள் மலிவு ரகம். சேகரிப்பவர்கள் சீந்துவதில்லை. தொடங்குபவர்களுக்கு நல்ல இடம்.

இந்த வரிசையை நிர்வகித்தவர் ஃபிலிப் வான் டோரன் ஸ்டெர்ன். அவரும் எழுத்தாளர். மற்றவர்களின் நூல்களை லட்சக்கணக்கில் அச்சடித்துக்கொண்டிருந்த 1943இல், தன் சிறுகதை ஒன்றை எந்தப் பத்திரிகையும் ஏற்காததால் 200 படி மட்டும் சொந்தச் செலவில் அடித்துக் கிறிஸ்துமஸ் வாழ்த்தாக நண்பர்களுக்கு அனுப்பினார். 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' திரைப்படம் அதிலிருந்துதான் வந்தது.

தேர்வில் அரசியல் தலையீடும் நடந்தது. 1944இல் வீரர்களின் வாக்குரிமைச் சட்டத்தில் ஒரு பிரிவைச் செருகினார்கள். தேர்தலைப் பாதிக்கக்கூடிய அரசியல் வாதம் உள்ள எதையும் அரசுப் பணத்தில் படைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்றது அது. அதன்படி இ.பி.ஒயிட்டின் பண்ணை வாழ்க்கைக் கட்டுரைகளும் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி ஹோம்ஸின் வாழ்க்கை வரலாறும் தடைக்குள் வந்தன. பத்திரிகைகள் கொதித்தன. ஆகஸ்டில் சட்டத்தைத் திருத்தினார்கள். ஜெர்மனியில் புத்தகம் எரித்தவர்களோடு சண்டையிடும் படைக்கு எந்தப் புத்தகம் கொடுக்கலாம் என்று தணிக்கை செய்த அந்தச் சில மாதங்கள் இந்த வரிசையின் கறை.

பிரிட்டனில் பெங்குவின் பதிப்பகம் போர்க்காலத்தில் போட்ட மலிவுப் புத்தகங்களோடு ஒப்பிட்டால் இதன் தரம் தெளிவாகும். அங்கே 1940இல் காகிதப் பங்கீடு வந்தது. போருக்கு முந்தைய பயன்பாட்டில் 60 சதவீதம் என்று தொடங்கி 1942இல் 37.5 சதவீதத்துக்கு இறங்கியது. 1940 டிசம்பர் 29 இரவில் லண்டனில் பதிப்பகங்கள் நிறைந்த பேட்டர்னாஸ்டர் ரோ தெரு ஜெர்மன் குண்டுவீச்சில் எரிந்து 50 லட்சத்துக்கும் மேற்பட்ட புத்தகங்கள் சாம்பலாயின. பிறகு வந்த போர்க்காலச் சிக்கன விதிகள் ஓரத்தைக் குறைத்து, எழுத்தை நெருக்கி, காகிதத்தை மெலிதாக்கின. புத்தகத்தின் மேல் அமர்ந்த சிங்க முத்திரை இருந்தால் அது அந்த விதிப்படி அச்சானது. பெங்குவினும் பின் அடித்ததுதான், அதே துரு, அதே கறை. ஆனால் வழக்கமான நிமிர்ந்த வடிவம், ஒரே பத்தி, சாதாரணமாகப் படிக்கலாம். படித்து முடித்தால் தபால் நிலையத்தில் விட்டுவிடுங்கள், படைவீரர்களுக்குப் போகும் என்ற குறிப்பு சில படிகளில் இருக்கும். அந்தக் குறிப்புள்ள படியைத் தேடி வாங்குங்கள்.

காகிதப் பஞ்சம் அங்கே எழுத்தாளர்களை நேரடியாகவே கடித்தது. ஜார்ஜ் ஆர்வெல் 'விலங்குப் பண்ணை'யை 1944 பிப்ரவரியில் முடித்துவிட்டார். சோவியத் ஒன்றியம் கூட்டாளி நாடாக இருந்த நேரம், ஸ்டாலினைக் கேலி செய்யும் நூலைப் பதிப்பகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மறுத்தன. ஜூன் மாதம் அவர் குடியிருந்த வீட்டைக் குண்டு இடித்தது, கைப்பிரதியை இடிபாட்டிலிருந்து எடுத்தார். ஏற்றுக்கொண்ட பதிப்பகத்துக்கோ காகிதம் இல்லை. கடைசியில் 1945 ஆகஸ்டில் 4,500 படி. இன்னொரு ஆங்கில நாவலாசிரியர் ஈவ்லின் வா, தன் 'பிரைட்ஸ்ஹெட் ரீவிசிட்டட்' நாவலின் திருத்த அச்சுப் படியை யுகோஸ்லாவியாவில் பாராசூட் மூலம் பெற்றுத் திருத்தினார். சோயாவும் ரேஷனுமாக இருந்த காலத்தின் பசிதான் அந்த நாவலில் உணவும் மதுவும் வழிவதற்குக் காரணம் என்று பின்னாளில் வருந்தி, திருத்திய பதிப்பில் அதைக் குறைக்கவும் செய்தார்.

இனி வாங்கும் முறை. விற்பவரிடம் முன்னட்டைப் படம் மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். முதுகு, முன்னட்டையைத் திறந்தால் கம்பிப் பின் தெரியும் இடம், நடுப்பக்கம், கடைசித் தாள், பின்னட்டை ஆகிய ஐந்தின் படத்தையும் கேளுங்கள். பின்னைச் சுற்றிய கறை மிளகு அளவில் இருந்தால் பரவாயில்லை. விரல் அகலத்துக்குப் பரவியிருந்தால் தாள் ஏற்கெனவே கழன்றிருக்கும். மேல் ஓரமும் கீழ் ஓரமும் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள், ஜோடியை வெட்டிய கத்தி விலகிய படியில் ஓரத்து வரி வெட்டுக்கு ஒட்டி நிற்கும். முதுகில் செல்லோடேப் ஒட்டியிருந்தால் விட்டுவிடுங்கள். அந்தப் பசை காகிதத்தில் ஊறி மஞ்சளாகும், எடுக்க முயன்றால் அச்சோடு உரியும். மருத்துவமனை முத்திரையோ கப்பல் முத்திரையோ வீரரின் கையெழுத்தோ இருந்தால் அதைக் குறையாக எண்ணவே வேண்டாம். சுத்தமான படியைவிட அதுவே மேல்.

வந்த பிறகு துருப்பிடித்த பின்னைக் கையால் பிடுங்காதீர்கள். இழுத்தால் தாளும் கூடவே வரும். காகிதப் பாதுகாப்பு தெரிந்தவர் செய்ய வேண்டிய வேலை அது. அமிலமற்ற அட்டையோடு பாலியெஸ்டர் உறையில் போட்டுப் படுக்கவைத்து அடுக்குங்கள். பிவிசி உறை வேண்டாம். ஈரப்பதம் 35 முதல் 50 சதவீதத்துக்குள் இருந்தால் துரு மெல்ல நடக்கும். ஸ்கேன் செய்ய வேண்டுமானால் கண்ணாடியில் கவிழ்த்து அழுத்தாமல், பாதி திறந்து இரண்டு பக்கமும் தாங்கு கொடுத்து மேலிருந்து படம் எடுங்கள்.

முழு வரிசையையும் சேர்க்க நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் முழுத் தொகுப்பு இருக்கிறது, அப்படி முழுமையாக வைத்திருப்பவர்கள் மிகச் சிலரே. முதலில் வந்தவை ஏ-1 என்பது போல எழுத்தும் எண்ணுமாக இருக்கும், பின்னால் வெறும் எண் மட்டும். கடைசி எண் 1322 எர்னி பைலின் 'ஹோம் கன்ட்ரி'. காலாட்படையோடு கூடவே நடந்து எழுதிய நிருபர் அவர். 1945 ஏப்ரலில் ஒகினாவா பக்கத்துத் தீவு ஒன்றில் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானார். போருக்கு முன் அமெரிக்கச் சாலைகளில் சுற்றி எழுதிய பத்திகளின் தொகுப்பு இது. போருக்குப் பிறகு அச்சு எண்ணிக்கை குறைந்ததால் கடைசிப் படிகளைச் சாதாரண நிமிர்ந்த வடிவத்திலேயே அடித்தார்கள், இதுவும் அந்த வகை. படுத்த புத்தகங்களின் படங்களை மட்டும் தேடிக்கொண்டிருந்தால் இது கண்ணில் படாது.